வாரேன் அண்ணனுக்கு இன்னொரு பேர் இருந்தது

மதுரை மாநகரிலேயே அதிக தடவை செத்துப்போன மனிதர் வாரேன் அண்ணன்தான். சும்மா அடித்துவிடவில்லை, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கண்ணால் பார்த்தவன் சொல்கிறேன். கதவைத் திறந்துகொண்டு வெளியே வருவார், சுட்டுவிடுவார்கள். மறுபடி உயிர் வரும். இந்த முறை உஷாராக ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பார், அதற்கென்றே காத்திருந்தவன் சுடுவான். எதிரிகள் யாருமே இல்லாத தெருவில் நடந்து, மொட்டை மாடிக்கு ஏறி, வேடிக்கை பார்த்தபடியே பின்னால் நகர்ந்து, கீழே விழுந்து செத்த பெருமையும் அவர் ஒருவருக்கே உண்டு. ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் ஹெட்செட்டைக் கழற்றி, கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்து, தன்னைக் கொன்ற பையன் எங்கே உட்கார்ந்திருக்கிறான் என்று தேடிப் பார்த்து, "நல்லாச் சுட்டீங்க தம்பி" என்பார்.

இதெல்லாம் நடந்தது இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்களில், கே.கே. நகரில், ஒரு பல் கிளினிக்கின் மாடியில். கீழே பல்லைப் பிடுங்குவார்கள், மேலே உயிரை எடுப்பார்கள் என்று அந்தக் கட்டடத்தைப் பற்றி நாங்களே ஒரு ஜோக் சொல்லி நாங்களே சிரித்துக்கொள்வோம். மாடியில் இருந்தது ரெங்கா அண்ணனின் சென்டர். முன்பக்கம் பிரவுசிங். வெளிநாட்டில் இருக்கிற மகனுக்கு மெயில் அனுப்பித் தரச் சொல்லி நிற்கும் பெரியவர்கள், ரிசல்ட் பார்க்க வருகிறவர்கள் எல்லாம் அங்கே. பின்பக்கம், கறுப்புத் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம், நாங்கள். கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று வயரால் கோத்து, இரண்டு கோஷ்டியாகப் பிரிந்து, ஒருத்தரை ஒருத்தர் சுட்டுக்கொண்டிருப்போம். படிப்பை முடித்துவிட்டு வேலை தேடுவதாக வீட்டில் சொல்லியிருந்த நானும் அதில் ஒருவன்.

ரெங்கா அண்ணன் சௌராஷ்டிரக் குடும்பத்துக்காரர். வீட்டில் பேசுவது வேறு மொழி. எங்களோடு பேசும்போது நயம் மதுரைத் தமிழ். கோபம் வந்தால் மட்டும் தன் மொழிக்குப் போய்விடுவார். திட்டுகிறார் என்று தெரியும், என்ன திட்டுகிறார் என்று தெரியாது. அதனால் அவரிடம் திட்டு வாங்கிய யாரும் கோபித்துக்கொண்டு வேறு சென்டருக்குப் போனதில்லை.

ஆட்டத்துக்குள் நுழையும்போது, பேர் என்ன என்று ஸ்கிரீனில் ஒரு கட்டம் கேட்கும். அதில் அப்பா அம்மா வைத்த பேரைப் போடுகிற மடையன் எங்களில் யாரும் இல்லை. ஒருத்தன் டிராகன், ஒருத்தன் சாத்தான், ஒருத்தன் டெத் மெஷின். நான் ரத்தக்காட்டேரி. கிளினிக் வாசலில் யாராவது ரத்தப் பஞ்சைக் கடித்துக்கொண்டு நின்றால் தலையைத் திருப்பிக்கொண்டு படியேறுகிறவன் நான், ஆனாலும் ரத்தக்காட்டேரி. மாசக்கணக்கில் பழகியும் அங்கே பாதிப்பேருடைய நிஜப் பேர் எனக்குத் தெரியாது. தெரிந்து ஆக வேண்டியதும் ஒன்றும் இல்லை.

வாரேன் அண்ணன் முதன்முதலில் வந்தது மகளின் பிளஸ் டூ மார்க்கைப் பார்க்க. நாற்பதைத் தாண்டிய வயசு, இன் பண்ணிய சட்டை, பாக்கெட்டில் பேனா, கையில் டிபன் பை. அன்றைக்கு முன்பக்கம் நிற்க இடமில்லை. ரெங்கா அண்ணன் திரைச்சீலையை விலக்கி, "செத்த நேரம் உள்ள உக்காருங்கண்ணே" என்றார். அவர் என்னவோ கொஞ்ச நேரம் என்ற அர்த்தத்தில்தான் சொன்னார். ஆனால் அந்த 'செத்த' அப்படியே பலித்தது.

எங்களுக்கு அன்று ஒரு கோஷ்டியில் ஆள் குறைவு. சும்மா உட்கார்ந்திருந்தவரை டிராகன் ஒரு சிஸ்டத்தின் முன்னால் நகர்த்தி உட்கார வைத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனான். பேர் கேட்கிற கட்டம் வந்து நின்றது. அதே நேரம் டிராகன் அங்கிருந்து, "அண்ணே, வாரீங்களா இல்லையா? ஆட்டம் ஆரம்பிக்குது" என்று சத்தம் கொடுத்தான். எதிரே எழுதச் சொல்லி ஒரு கட்டம், அந்தப் பக்கம் பதில் கேட்டு ஒரு பையன். இரண்டும் ஒரே கேள்வி என்று எடுத்துக்கொண்ட மனிதர், ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தேடிப் பிடித்து 'வாரேன்' என்று தட்டிவிட்டார். எல்லாருடைய ஸ்கிரீனிலும், 'வாரேன் ஆட்டத்தில் சேர்ந்துவிட்டார்' என்று இங்கிலீஷில் ஓடியது. சிரிப்பு அடங்கி ஆட்டம் ஆரம்பிக்கக் கொஞ்ச நேரமாயிற்று.

மகள் நல்ல மார்க் வாங்கியிருந்தாள். அதைத் தெரிந்துகொண்டு அவர் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். போகாமல் திரும்பவும் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். மறுநாளும் வந்தார். ஆபீஸ் விடுகிற நேரம் பஸ்ஸில் கூட்டம் அள்ளும், கொஞ்சம் குறையட்டும் என்று காரணம் சொல்வார். ஒரு மணி நேரத்துக்குக் குறைந்து அந்தக் கூட்டம் என்றைக்கும் குறைந்ததாக நினைவில்லை. பேரை மாற்றிக்கொள்ளலாம், சிங்கம் புலி என்று ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் பார்த்தோம். இதுவே கூப்பிட நன்றாக இருக்கிறது என்றுவிட்டார்.

அவருடைய யுத்த தர்மம் அலாதியானது. முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற எதிரியைச் சுட மாட்டார். பின்னால் போய் நின்று, செய்தி எழுதுகிற இடத்தில் 'தம்பி' என்று தட்டுவார். அவன் திரும்பி இவரைச் சுட்டுவிடுவான். இவர் கோஷ்டியில் மாட்டிய டிராகன் தலையில் அடித்துக்கொள்வான். "அண்ணே, அவன் எதிரிண்ணே" என்று அவன் அழாத குறையாகச் சொன்னபோது, "எதிரின்னாலும் சொல்லாமச் சுடலாமா தம்பி" என்று இவர் கேட்டது அந்த அறையில் ரொம்ப நாள் ஓடியது.

பிணைக்கைதிகளை மீட்டுக்கொண்டு வருகிற ஆட்டம் ஒன்று உண்டு. மீட்கப்பட்டவர்கள் ஆடுபவன் பின்னாலேயே ஓடி வருவார்கள். கம்ப்யூட்டர் ஓட்டுகிற ஆட்கள்தானே, அதில் எவனாவது ஒருத்தன் சுவரில் முட்டிக்கொண்டு அங்கேயே ஓடிக்கொண்டிருப்பான். மற்றவர்கள் அவனை விட்டுவிட்டு வந்துவிடுவோம். வாரேன் அண்ணன் வர மாட்டார். முட்டிக்கொண்டு நிற்கிறவன் பக்கத்தில் போய் நின்றுகொள்வார். "அவரும் வரட்டும்" என்பார். எதிரிகள் வந்து இரண்டு பேரையும் சேர்த்து முடித்துவிட்டுப் போவார்கள்.

ஒரே ஒரு முறை, மவுஸில் கை தவறிப் பட்டு, சாத்தானைச் சுட்டுவிட்டார். அறையே எழுந்து நின்று கை தட்டியது. இவருக்கு முகம் வெளிறிவிட்டது. எழுந்து போய் சாத்தானின் தோளைத் தொட்டு, கீழே அழைத்துப் போய் டீயும் வடையும் வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் திரும்பினார். அதற்குப் பிறகு டீக்கு ஆசைப்பட்டு அவர் துப்பாக்கிக்கு முன்னால் போய் நிற்கிறவர்கள் அதிகமானார்கள். அவர் குறி தவறிக்கொண்டே இருந்ததில் அவர்களுக்குச் சாவும் கிடைக்கவில்லை, டீயும் கிடைக்கவில்லை.

அவர் யார் என்பதில் எங்களுக்குள் ஆளுக்கொரு கட்சி. மஃப்டி போலீஸ் என்றான் டெத் மெஷின். கல்யாணத் தரகர், மாப்பிள்ளைகளின் நடத்தையை விசாரிக்க வந்திருக்கிறார் என்றான் சாத்தான். கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க மாட்டார். பதிலில் ஒன்றும் இருக்காது. எங்கே வேலை என்றால் ஆபீஸில் என்பார். எந்த ஊர் என்றால் பஸ் போகிற ஊர்தான் என்பார். என்ன பேர் என்றால் ஸ்கிரீனைக் காட்டுவார்.

அந்த வயசு மனிதரை வெளியே பார்த்தால் சார் என்றுதான் கூப்பிட்டிருப்போம். ஸ்கிரீனில் வயசு தெரிவதில்லையே. டிராகன் முதல் நாள் அண்ணே என்று ஆரம்பித்தது எல்லாருக்கும் ஒட்டிக்கொண்டது. திரைச்சீலை விலகினால் போதும், "வாரேன் அண்ணே" என்று நாலா பக்கமிருந்தும் சத்தம் வரும். அந்தக் கூச்சலிலிருந்து அந்த ஒரு வார்த்தையை மட்டும் அவர் காது தனியாகப் பிரித்து எடுக்கும். எந்த மூலையிலிருந்து யார் அண்ணே என்றாலும், அது ரெங்கா அண்ணனைக் கூப்பிட்டதாகவே இருந்தாலும், "என்ன தம்பி" என்று இவர் திரும்பிவிடுவார்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த இடத்துக்குக் கேடு வந்தது ஒரு பேரில்லாத ஆளால்.

பக்கத்துத் தெரு கிளினிக் ஒன்றில் வேலை பார்த்த பெண் ஒருத்தி அப்போது ஆட வந்துகொண்டிருந்தாள். ஆட்டத்தில் அவள் பேர் மின்னல். எங்கள் எல்லாரையும்விட நன்றாகச் சுடுவாள். ஒரு நாள் ஆட்டத்தின் நடுவே, எல்லாருடைய ஸ்கிரீனிலும் அவளைப் பற்றி ஒரு வரி ஓடியது. அதை இங்கே எழுத முடியாது. எழுதியவன் அதுவரை யாரும் வைத்திராத புதுப் பேர் ஒன்றில் ஒளிந்திருந்தான். அடுத்து இன்னொரு வரி, அவள் அம்மாவைச் சேர்த்து. மின்னல் ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு யாரையும் பார்க்காமல் எழுந்து போனாள். சமாதானம் சொல்ல டிராகன் பின்னாலேயே படியிறங்கி ஓடினான். அவள் நிற்கவில்லை.

அறை நடுவில் வந்து நின்று, "யாரு தம்பி அது?" என்று கேட்டவர் வாரேன் அண்ணன்தான். ஆளாளுக்குத் தன் ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டோம். அவன் எங்களில் ஒருத்தன் என்பது மட்டும் எல்லாருக்கும் தெரிந்தது. அண்ணன் முன்பக்கம் போய் ரெங்கா அண்ணனிடம், இதை இப்படியே விடக் கூடாது, ஏதாவது செய்ய வேண்டும் என்று ரொம்ப நேரம் பேசிவிட்டுப் போனார்.

ரெங்கா அண்ணன் செய்தார். மறுநாள் திரைச்சீலைக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. இனிமேல் சொந்தப் பேரில்தான் ஆட வேண்டும், அடையாள அட்டையைக் காட்ட வேண்டும், ஒருவரை ஒருவர் பேர் சொல்லியே கூப்பிட வேண்டும், பட்டப்பேர் கூடாது. செந்தில் மட்டுமே மூன்று பேர் தேறியதால் பேரோடு ஊரையும் சேர்த்துப் போடச் சொல்லிவிட்டார். அது தப்பு என்று இன்றைக்கும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தன் பேரும் ஊரும் தலைக்கு மேல் தொங்கும்போது ஒரு பெண்ணின் அம்மாவைப் பற்றி எழுத எவனுக்கும் கை வராது. அசிங்கமும் அன்றோடு நின்றது.

மற்றபடி எங்கள் மானம்தான் போயிற்று. ஊரையே நடுங்க வைத்த டெத் மெஷின், குழந்தைவேலு என்று தெரியவந்தது. சாத்தானின் நிஜப் பேர் அருள்தாஸ். அவன் சர்ச் பாடகர் குழுவில் இருந்தான். 'குழந்தைவேலு, விளாங்குடி' என்று ஸ்கிரீனில் வந்து நிற்கிறவனிடம் எந்த மனுஷன் பயப்படுவான்? சுடவே மனசு வரவில்லை.

வாரேன் அண்ணன் அன்று அறிவிப்பை நின்று நிதானமாகப் படித்தார். அட்டையை ஆபீஸில் மறந்துவிட்டேன் என்று சொல்லித் திரும்பிப் போனார். அடுத்த நாளும் மறந்திருந்தார். அதற்கடுத்து, பிரவுசிங் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து திரைச்சீலைச் சந்து வழியாக எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆடுகிறவர்களைவிட அவர்தான் அதிகம் பதறினார். ரெங்கா அண்ணனுக்கு அவரை அப்படிப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. உங்களுக்கு மட்டும் விட்டுக் கொடுத்தால் பயல்கள் கேட்பார்களே என்று அவரிடமே புலம்பினார். அண்ணன் அவரைக் கஷ்டப்படுத்த விரும்பவில்லையோ, ஆட்டத்தை விட மனசு வரவில்லையோ, ஒரு நாள் பர்ஸைத் திறந்து அட்டையை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

அவருடைய சொந்தப் பேர் அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. ஊர், டி. கல்லுப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். அதையும் எழுதப் போவதில்லை.

ஆட்டம் ஆரம்பித்தது. டிராகன் ஸ்கிரீனைப் பார்த்துவிட்டுச் சந்தோஷமாகத் திரும்பினான். காலேஜ் ஹாஸ்டலில் தங்கிப் படித்த அவனுக்கும் கல்லுப்பட்டிப் பக்கம்தான் ஊர்.

"அண்ணே, நீங்க அந்த ஊரா? எங்கூருக்குப் பக்கத்தூருல்ல. ஊருக்குள்ளயாண்ணே, காலனியா?"

வாரேன் அண்ணன் ஸ்கிரீனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "காலனி" என்றார்.

நான் டவுனில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் பக்கம் காலனி என்றால் பேங்க் ஆபீசர்கள் சேர்ந்து இடம் வாங்கி, முகப்பில் ஆர்ச் கட்டி, வாசலில் குரோட்டன்ஸ் வளர்க்கிற இடம். பரவாயில்லையே, அண்ணன் வசதியான ஆள் போலிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். ஊர்ப்பக்கம் அந்த வார்த்தைக்கு அர்த்தம் வேறு. ஊர் ஒரு பக்கம் இருக்கும், காலனி ஒரு பக்கம் இருக்கும், நடுவில் ஒரு ரோடு ஓடும். காலனிக்காரர்களின் தாத்தாக்கள் ஊர்க்காரர்களின் வயலில் கூலிக்கு இறங்கியவர்கள். அவர்களை ஊர்க்காரர்கள் கூப்பிடுகிற விதமும் வேறு. இது எனக்கு உறைத்தது, டிராகன் அடுத்து வாயைத் திறந்தபோதுதான்.

அண்ணன் வழக்கம்போலத் தப்பான சந்துக்குள் போய்க்கொண்டிருந்தார். டிராகன் அவர் பேரைச் சொன்னான். வெறும் பேரை. "இடது பக்கம் போப்பா" என்றான்.

டிராகன் கெட்ட பையன் இல்லை. யோசித்துச் சொன்னதாகவும் எனக்குத் தோன்றவில்லை. அவன் வீட்டில், அவன் தெருவில், அவனுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அந்தப் பக்கத்து ஆட்களை அப்படித்தான் கூப்பிட்டுக் கேட்டிருப்பான். அதுவரை அண்ணே என்று கூப்பிட்ட வாய், ஒரே நிமிஷத்தில் தானாகத் தடம் மாறிக்கொண்டது. தன் அப்பா வயசுக்காரரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டோம் என்பதே அவனுக்குத் தெரிந்திருக்காது.

அவருக்குத் தெரிந்தது. ஸ்கிரீனில் அவருடைய ஆள் அந்தச் சந்து முனையில் நின்றுவிட்டான். இடதும் போகவில்லை, வலதும் போகவில்லை. எதிரிகள் வந்து சுட்டுவிட்டுப் போனார்கள். இந்த முறை யாரையும் பாராட்டவில்லை. ஹெட்செட்டை ஆணியில் மாட்டி, நாற்காலியை மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டு, டிபன் பையை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்து, "வாரேன் தம்பி" என்றார். நாமெல்லாம் போகும்போது சொல்கிற வாரேன்தான். பாதிப் பயல்கள் கவனிக்கவே இல்லை.

ரெங்கா அண்ணன் கவனித்திருந்தார். திரைச்சீலையைப் பிடித்தபடி நின்று, தன் வீட்டு மொழியில் டிராகனைப் பிடிபிடியென்று பிடித்தார். அவன் ஒன்றும் புரியாமல் முழித்தான்.

"என்னண்ணே தப்பாச் சொல்லிட்டேன்? நீங்கதான பேரு சொல்லிக் கூப்புடணும்னு எழுதிப் போட்டீங்க."

ரெங்கா அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பினார். சுவரில் இருந்ததைக் கிழித்துக் கசக்கிக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிற்பாடு வேறு ஏற்பாடு செய்தார். எந்தப் பேர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஆளுக்கு ஒரே பேர்தான், எந்தப் பேர் யாருடையது என்பது தனக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்றார். முதல் நாளே இப்படிச் செய்திருக்கலாம்தான். யாருக்கும் தோன்றவில்லை. மின்னல் அதற்குப் பிறகும் வரவில்லை. வாரேன் அண்ணனும் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரெங்கா அண்ணன் என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். அவர் கையில் ஒரு கிலோ மிக்சர். கல்லுப்பட்டியில் இறங்கி மினி பஸ் மாறி அந்த ஊருக்குப் போனோம். பஸ் நிறுத்தத்து டீக்கடையில் அவர் பேரைச் சொல்லி வீடு எங்கே என்று கேட்டோம். கடைக்காரர் ரோட்டுக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டிவிட்டு, நீங்கள் யார், எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளைகள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ரெங்கா அண்ணன் ஒன்றுக்கும் பதில் சொல்லாமல் நடக்க ஆரம்பித்துவிட்டார். பஸ் போகிற ஊர் என்றாவது சொல்லிவிட்டு வந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

வேட்டி பனியனில் வாசலில் நின்றவரை முதலில் எங்களுக்கே அடையாளம் தெரியவில்லை. அவருக்கு எங்களைத் தெரிந்தது. பதறிப்போய் உள்ளே ஓடி, சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, இரண்டு நாற்காலியைத் தூக்கிப் போட்டார். மிக்சர் பொட்டலத்தை வாங்கிக்கொண்டார். வாங்கிய கையோடு, "கடையில போய்க் கலரு வாங்கியாரச் சொல்லவா தம்பி?" என்று கேட்டார். டவுனிலிருந்து வருகிறவர்கள் தன் வீட்டில் எதையும் வாங்கிக் குடிக்க மாட்டார்கள், மூடி போட்ட பாட்டில் என்றால் குடிப்பார்கள் என்பது அவருக்குப் பழகிப்போன சங்கதி. ரெங்கா அண்ணன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "வீட்டுக் காப்பிதாண்ணே வேணும்" என்றார். அண்ணன் ஒரு நிமிஷம் அவரைப் பார்த்துவிட்டு, உள்ளே திரும்பிக் காப்பிக்குச் சொன்னார்.

அறிவிப்பைக் கிழித்தாயிற்று, பேரை எடுத்தாயிற்று, நீங்கள் பழையபடி வரலாம் என்று ரெங்கா அண்ணன் சொன்னார். டிராகனை நேரில் வந்து மன்னிப்புக் கேட்கச் சொல்கிறேன் என்றார். வாரேன் அண்ணன் வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

"அவன் சின்னப்பய, அவனைத் திட்டாதீங்க. ஸ்கிரீன்லருந்து பேரை எடுத்துட்டீங்க. அவன் மண்டையிலருந்து எப்பிடி எடுப்பீங்க? இனி அவன் அண்ணேன்னு கூப்பிட்டாலும், யாரோ சொல்லிக் குடுத்துக் கூப்பிடுற மாதிரில்ல இருக்கும்."

மிக்சர் பொட்டலத்தை ஓரமாக வைத்தார். பிறகு அவரே பேசினார்.

"ஆபீஸ்ல சாருங்கிறாங்க, அது சீட்டுக்கு. இங்கிட்டு ரோட்டைத் தாண்டிப் போனா, பள்ளிக்கூடம் போற பய கூட பேரு சொல்லித்தான் கூப்புடுவான். உங்க கடையிலதான் தம்பி..." என்று ஆரம்பித்தவர் முடிக்காமல் வேட்டி நுனியைச் சரி செய்துகொண்டார். ஒரு மணி நேரம் செத்துச் செத்து அவர் சம்பாதித்துக்கொண்டு போனது என்ன என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அதை வைத்துக்கொண்டுதான் அந்த மனிதர் பஸ் ஏறியிருக்கிறார். அதையும் ஒரு நல்ல காரணத்துக்காகவே நாங்கள் பிடுங்கிக்கொண்டோம்.

அவர் திரும்ப வரவே இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்த்ததும் இல்லை. சென்டர் இருந்த மாடியில் இன்று கண்ணாடிக் கடை இருக்கிறது.

காப்பி வந்தது. கொண்டு வந்தது அவர் மனைவி. பின்னாலேயே மகள், பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கியவள், நிலைப்படியில் சாய்ந்து எங்களை வேடிக்கை பார்த்தாள். இவர்கள்தான் கம்ப்யூட்டர் சென்டர்காரர்களா என்று கேட்ட அந்த அம்மா, ரெங்கா அண்ணனைக் காட்டி, இவர்தான் ரெங்காவா என்றார். அண்ணன் அவரைப் பற்றி வீட்டில் பேசியிருப்பார் போல. அடுத்து என் பக்கம் திரும்பினார்.

"இந்தத் தம்பி யாருங்க?"

அண்ணன் சந்தோஷமாகச் சொல்ல வாயெடுத்தார். எடுத்த வாய் அப்படியே நின்றது. என்னைப் பார்த்தார். எனக்கும் அவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. அத்தனை மாசம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தும் அவருக்கு என் பேர் தெரியாது. வேறு வழியில்லாமல், "இவரு... ரத்தக்காட்டேரி" என்றார். மகள் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். நான் காப்பியைச் சட்டையில் கொட்டிக்கொண்டேன். ரெங்கா அண்ணன் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். அண்ணனும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

சென்டரில் சொந்தப் பேர் போட ஆரம்பித்த பிறகு, என் பேரும் ஊரும் பட்டவர்த்தனமாக எல்லார் ஸ்கிரீனிலும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. சந்து வழியாக எங்களையே பார்த்துக்கொண்டிருந்தவர் அதை மட்டும் படிக்கவில்லை. யாரையும் அவர் ஒரு நாளும் நீ யார், எந்த ஊர் என்று கேட்டதும் இல்லை.

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. வீட்டுக்கு வந்த பிள்ளையை விசாரிக்காமல் இருப்பது மரியாதையில்லை என்று நினைத்து, "அது கெடக்கு. தம்பி பேரென்ன, எந்தூரு?" என்று என்னிடமே கேட்டார்.

நான் சொல்ல வாயைத் திறந்தேன். அண்ணன் சட்டென்று கையை நீட்டித் தடுத்தார்.

"அதெல்லாம் கேக்காத. நம்ம பசங்க."

எனக்கு எத்தனையோ பேர் வைத்துப் பார்த்துவிட்டார்கள். அதைவிட நல்ல பேர் இன்னும் யாரும் வைக்கவில்லை.